அலுமினியத்தின் வண்ணக் கவசம்

நுழையும்முன்

புதிய வீட்டின் சன்னல் சட்டத்தில் பளிச்சிடும் நிறம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் மங்காமல் இருப்பதுண்டு. இரண்டே ஆண்டுகளில் வெளிறி உரிந்துபோவதும் உண்டு. இரண்டும் ஒரே உலோகம், ஒரே நிறம். வாங்கிய நாளில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காண இயலாது. பூசுவதற்கு முன் தொழிற்கூடத்தில் செய்த பணியும், பூசிய பின் பயன்படுத்துவோர் காட்டிய அக்கறையுமே அவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அப்பணிகளை விளக்குகிறது இப்பாடம்.

கோயிலூரும் தொழிலூரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அருகில் அமைந்த சிற்றூர் வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகன் திருவுருவத்தாலும் அருணகிரிநாதரின் திருப்புகழாலும் பெயர்பெற்ற தலம் இது. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த இவ்வட்டாரம், கடந்த முப்பது ஆண்டுகளில் தொழில் வட்டாரமாக உருமாறியுள்ளது. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு நிறுவிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் அமைந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட் நிசான் ஆலையும் 2012இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன.

பெரிய ஆலை ஒன்று வந்தால் அதனைச் சுற்றிச் சிறு, குறு தொழிற்கூடங்கள் பல தோன்றுவது இயல்பு. வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு, பூச்சு எனத் தனித்தனி வேலைகளை அவை செய்து தருகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பயின்ற இளைஞர் பலருக்கு முதல் வேலை கிடைப்பது இத்தகைய கூடங்களில்தான். அவ்வேலைகளுள் ஒன்று, ‘பவுடர் கோட்டிங்’ எனத் தொழிலாளர் வழக்கில் வழங்கும் தூள்பூச்சு. வாகன உதிரிப்பாகங்கள், மின்பெட்டிகள், கதவு, சன்னல் சட்டங்கள், கட்டடங்களின் கண்ணாடி முகப்பைத் தாங்கும் சட்டங்கள் எனப் பலவும் இப்பூச்சைப் பெற்றே வெளியே வருகின்றன.

துருப்பிடிக்காத உலோகத்துக்குப் பூச்சு எதற்கு?

அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. காற்று பட்டவுடன் அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஒன்று தானே உருவாகிறது. சில நானோமீட்டர் கனமே உடைய அப்படலம், உள்ளிருக்கும் உலோகத்தை மேலும் அரிக்கவிடாமல் காக்கிறது. கீறல் விழுந்தாலும் அவ்விடத்தில் படலம் மீண்டும் தோன்றுகிறது. இயற்கையே இவ்வாறு கவசம் அளித்திருக்க, மற்றொரு பூச்சு தேவையா என்னும் வினா எழலாம்.

தேவை என்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அந்தப் படலம் அமிலத்தையும் காரத்தையும் தாங்காது. சிமெண்டுக் கலவையோ சுண்ணாம்போ பட்டால் கரைந்துவிடும். இரண்டாவது, கடற்காற்றிலுள்ள உப்பு, படலத்தின் நலிந்த இடங்களைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். மூன்றாவது, பூச்சற்ற அலுமினியம் நாளடைவில் சாம்பல் பூத்துப் பொலிவிழக்கும்.

இவற்றோடு பொருளாதாரக் காரணம் ஒன்றும் உண்டு. தாதுவிலிருந்து ஒரு கிலோகிராம் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 அலகு மின்சாரம் செலவாகிறது. எனவே, உரிய காலத்துக்கு முன்பே கழித்துக்கட்டப்படும் ஒவ்வொரு சன்னல் சட்டமும் வீணான மின்சாரமே ஆகும். பூச்சைக் காப்பது உலோகத்தைக் காப்பது. உலோகத்தைக் காப்பது ஆற்றலைக் காப்பது.

தெரிந்து தெளிவோம்

புவியோட்டில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அலுமினியம். ஆயினும், அதனைத் தனித்துப் பிரிக்கும் முயற்சி 1825இல்தான் டென்மார்க்கு அறிவியலாளர் எர்ஸ்டெடுக்குக் கைகூடியது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின்னரே அலுமினியம் மலிவான உலோகமாயிற்று. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும்.

பழைய தொழில்கள் தரும் பாடம்

பூசுதல் தமிழர்க்குப் புதிய கலையன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், எடுத்தவுடன் ஈயத்தைத் தடவுவதில்லை. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் களிம்பை அகற்றி, நெருப்பில் சுடவைத்து, நவச்சாரம் இட்டுத் துடைத்த பின்னரே ஈயத்தை வைக்கிறார். காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலிலும் இவ்வொழுங்கு உண்டு. பட்டு நூலின் மேலுள்ள இயற்கைப் பசையை வெந்நீரில் நீக்கிய பின்னரே அதற்குச் சாயம் ஏற்றுகின்றனர். பசை நீங்காத நூலில் சாயம் சீராக ஏறாது. களிம்பு நீங்காத பாத்திரத்தில் ஈயம் ஒட்டாது. தூள்பூச்சுக்கும் விதி இதுவே. பூசும் பொருளைவிடப் பூசப்படும் பரப்பின் தூய்மையே பூச்சின் ஆயுளை முடிவு செய்கிறது.

முன்பக்குவம்

தொழிற்கூடத்துக்கு வரும் அலுமினியத்தில் எண்ணெய்ப் பசை, கைரேகை, தூசி, பழைய ஆக்சைடு ஆகியவை படிந்திருக்கும். இவற்றை நீக்கிப் பரப்பைப் பூச்சுக்குத் தயார்செய்வதே முன்பக்குவம். பொருள்கள் கம்பிகளில் தொங்கவிடப்பட்டு வரிசையாக அமைந்த தொட்டிகளில் மூழ்கி எழுகின்றன. அல்லது நீர்த்தாரைகளின் இடையே நகர்ந்து செல்கின்றன.

முதற்கண் எண்ணெய்ப் பசை நீக்கப்படுகிறது. அடுத்து அமிலம் அல்லது காரத்தால் மேற்பரப்பு மிக மெல்லியதாக அரித்தெடுக்கப்படுகிறது. ஐரோப்பாவில் 1986இல் தொடங்கப்பெற்ற ‘குவாலிகோட்’ தரச்சான்று அமைப்பு, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 1 கிராம் உலோகமேனும் இவ்வாறு நீங்க வேண்டும் என்கிறது. கடலோரக் கட்டடங்களுக்கான சிறப்புத் தரத்துக்கு அவ்வளவு 2 கிராம். கடலுப்பு மிகுந்த இடத்தில் தூய்மை இருமடங்காக வேண்டும் என்பது இதன் பொருள்.

மூன்றாவதாக, உலோகத்துக்கும் தூளுக்கும் இடையே பாலமாக அமையும் மாற்றுப்படலம் உருவாக்கப்படுகிறது. இப்படலம் பூச்சினை இறுகப் பற்றிக்கொள்ளும். அடியில் அரிமானம் பரவாமல் தடுக்கும். ஒவ்வொரு படிக்கும் இடையே நன்னீரில் அலசுதல் இன்றியமையாதது. இறுதி அலசலுக்கு உப்புகள் நீக்கப்பட்ட நீரே பயன்பட வேண்டும். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு பரப்பில் காய்ந்து தங்கினால், பின்னாளில் அவ்விடத்திலேயே பூச்சு கொப்புளிக்கும். பக்குவம் செய்த பொருளை வெறுங்கையால் தொடுதல் கூடாது. 16 மணி நேரத்துக்குள் பூசிவிடுதல் வேண்டும்.

இப்படிகளில் ஒன்றைக் குறைத்தாலும் அன்றைய தினம் எவருக்கும் தெரியாது. பூச்சு பளபளப்பாகவே இருக்கும். செலவும் நேரமும் மிச்சமாகும். ஆனால், இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் உரியும் பூச்சு அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

நீருக்கு நேரக்கூடிய கேடு

மாற்றுப்படலம் உருவாக்க நெடுங்காலம் பயன்பட்டது ஆறிணைதிறக் குரோமியம். அரிமானத்தைத் தடுப்பதில் அது நிகரற்றது. ஆயினும், புற்றுநோயை உண்டாக்கவல்லது. நீரில் எளிதில் கரைந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பரவக்கூடியது. எனவே, குரோமியம் கலந்த கழிவுநீரை அப்படியே வெளியேற்றுதல் கூடாது. ஆறிணைதிறக் குரோமியத்தை நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றி, சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரித்தல் வேண்டும்.

இதனைப் புறக்கணித்தால் நேர்வது என்ன என்பதற்கு இராணிப்பேட்டை சான்றாக நிற்கிறது. அங்குக் குரோமேட் உப்புகளை உற்பத்தி செய்த ஆலையொன்று 1990களில் மூடப்பட்டது. அது பூச்சுத் தொழிற்கூடம் அன்று. எனினும், அது விட்டுச்சென்றது அதே ஆறிணைதிறக் குரோமியத்தைத்தான். ஒரு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நிற நீர் கசிந்து நிலத்தடி நீரை மாசுபடுத்தியது. ஆலை மறைந்தும் அதன் நஞ்சு மறையவில்லை.

சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான செம்பரம்பாக்கம் ஏரி, திருப்பெரும்புதூர்த் தொழில் வட்டாரத்துக்கு அருகிலேயே உள்ளது. ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைந்த இந்நிலத்தில், ஒரு தொட்டியின் கழிவு ஒரு தொட்டியோடு நிற்பதில்லை. இன்று சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் சேர்மங்களைக் கொண்டு குரோமியம் இல்லாமலேயே மாற்றுப்படலம் உருவாக்கப்படுகிறது. அம்முறையைத் தேர்வதும், எம்முறையாயினும் கழிவுநீரைத் தூய்மை செய்வதும் தொழில் நடத்துவோரின் நீங்காக் கடமைகள்.

மின்னேற்றம் பெறும் தூள்

பிசின், நிறமி, கடினமூட்டி ஆகியவற்றைக் கலந்து, உருக்கிப் பிசைந்து, குளிர்வித்து, மாவாக அரைத்துப் பெறுவதே பூச்சுத்தூள். அதன் துகள்களின் சராசரி அளவு 30 முதல் 50 மைக்ரான். சாதாரண வண்ணப்பூச்சில் பிசினைக் கரைக்கக் கரைப்பான் சேர்க்கப்படுகிறது. பூச்சு காயும்போது அது ஆவியாகிக் காற்றை மாசுபடுத்துகிறது. தூள்பூச்சில் கரைப்பானே இல்லை. பரப்பில் படியாமல் சிந்தும் தூளையும் பெருமளவு திரட்டி மீண்டும் பயன்படுத்தலாம். சுற்றுச்சூழல் நோக்கில் தூள்பூச்சின் சிறப்பு இதுவே.

1950களின் தொடக்கத்தில் ஜெர்மானியர் எர்வின் கெம்மர் தூள்பூச்சுக்கு வழிவகுத்தார். காற்றால் மிதக்கவிடப்பட்ட தூளுக்குள் சூடான பொருளை மூழ்கச் செய்வது அவரது முறை. 1960களில் நிலைமின் தெளிப்புமுறை பரவிய பின் தூள்பூச்சு உலகெங்கும் வேரூன்றியது.

தலைசீவிய சீப்பு காகிதத் துண்டுகளை ஈர்ப்பதை அனைவரும் கண்டிருப்பர். தெளிப்புமுறையின் அடிப்படையும் அதுவே. தெளிப்பானின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் தரப்படுகிறது. அதனைக் கடக்கும் தூள் மின்னேற்றம் பெறுகிறது. தொங்கும் பொருள் புவியோடு இணைக்கப்பட்டிருப்பதால் தூள் அதனை நாடிச்சென்று படிகிறது. பின்புறத்தையும் ஓரளவு சுற்றிப் பற்றிக்கொள்கிறது.

ஆனால், ஆழ்ந்த மூலைகளுக்குள்ளும் குறுகிய பள்ளங்களுக்குள்ளும் தூள் எளிதில் நுழைவதில்லை. கடத்தியால் சூழப்பட்ட உட்பகுதிக்குள் மின்புலம் புகுவதில்லை என்னும் ‘ஃபாரடே கூண்டு’ விளைவே இதற்குக் காரணம். தேர்ந்த தொழிலாளர் மின்னழுத்தத்தைக் குறைத்தும், காற்றின் வேகத்தை அடக்கியும், மூலைகளை முதலில் பூசியும் இத்தடையைக் கடக்கின்றனர். இயற்பியல் பாடத்தில் படிப்பது இங்கே கைத்திறனாகிறது.

இவ்வேலையில் விழிப்பும் வேண்டும். காற்றில் அடர்ந்து பரவிய தூள், ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கக்கூடும். ஆகவே, கூண்டில் காற்றோட்டம் குன்றலாகாது. புவி இணைப்பு அறுபடலாகாது. தூள் நுரையீரலுக்குள் செல்லாதிருக்கத் தொழிலாளர் முகக்காப்பு அணிதல் வேண்டும்.

சூளையில் இறுகும் பூச்சு

தூள் படிந்த பொருள் சூளைக்குள் செல்கிறது. பெரும்பாலான தூள்களுக்கு 180 முதல் 200 பாகை செல்சியசு வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் தேவைப்படும். அங்குத் தூள் உருகி ஒன்றோடொன்று கலந்து, வேதிவினையால் பின்னிப் பிணைந்து, மீண்டும் உருகாத படலமாக இறுகுகிறது. அப்படலத்தின் கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்.

நேரத்தைக் கணக்கிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. சூளையின் காற்று 200 பாகையை அடைந்த கணத்திலிருந்து எண்ணுதல் பிழை. உலோகமே அவ்வெப்பத்தை அடைந்த பின்னரே எண்ணுதல் வேண்டும். மெல்லிய தகடு விரைவில் சூடேறும். கனத்த வார்ப்பு மெல்லச் சூடேறும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் வார்ப்பின் பூச்சு அரைவேக்காடாக நிற்கும். பார்வைக்கு அது முழுமையாகவே தோன்றும். எனினும், சிறு அடி பட்டாலும் வெடித்து உதிரும்.

தரம் அறியும் முறைகள்

கண்ணை நம்ப இயலாததால் கருவிகளும் சோதனைகளும் தேவைப்படுகின்றன. பூச்சின் கனம் மின்கருவியால் அளக்கப்படுகிறது. கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, அவற்றின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்ப்பர். ஒரு கட்டமும் பெயராது நிற்பின் பிடிப்பு நன்று. கரைப்பானில் நனைத்த பஞ்சால் தேய்ப்பர். நிறம் மென்மையுறாது நிற்பின் பூச்சு முழுமையாக வெந்துள்ளது. மாதிரித் தகடுகளை வளைத்தும், எடையை விழச்செய்தும், 1000 மணி நேரம் அமிலம் கலந்த உப்புநீர்த் தூவலில் வைத்தும் ஆராய்வர்.

வெயிலைத் தாங்கும் திறனை அறிய, அமெரிக்காவின் புளோரிடாவில் மாதிரிகளைத் திறந்தவெளியில் வைத்து ஆராய்வது வழக்கம். குவாலிகோட் அமைப்பின் முதல்வகைத் தூள் ஓராண்டும், இரண்டாம்வகை மூன்றாண்டும், மூன்றாம்வகை பத்தாண்டும் அவ்வெயிலைத் தாங்கிக் காட்டுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்த நுகர்வோர், நிறத்தை மட்டும் கேளாமல் தூளின் வகையையும் கேட்டறிவர். எப்பாக்சி பிசினால் ஆன தூள் வேதிப்பொருள்களைத் தாங்குவதில் சிறந்தது. ஆனால், வெயிலில் சுண்ணம்போல் பூத்து வெளிறும். எனவே, வீட்டின் வெளிப்புறச் சட்டங்களுக்குப் பாலியெஸ்டர் தூளே ஏற்றது.

பேணும் முறை

தொழிற்கூடம் தன் கடமையைச் செவ்வனே செய்த பின், எஞ்சிய பாதி பயன்படுத்துவோர் கையில் உள்ளது. பூச்சின் பகைவர் பெரும்பாலும் வீடு கட்டும்போதே வந்துவிடுகின்றனர். சுவர்ப்பூச்சு முடியும் முன்பே சன்னல் பொருத்தப்பட்டால் சிமெண்டுக் கலவை அதன்மேல் தெறிக்கும். கலவை ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட்டால் கேடில்லை. காய்ந்த பின் கரண்டியால் சுரண்டினால் பூச்சும் உடன் பெயரும். தரை ஓடுகளின் கறை நீக்க ஊற்றும் அமிலம் கதவுச் சட்டத்தின் அடியை அரிக்கும். பாதுகாப்புக்காக ஒட்டிய நெகிழிப்படலத்தைப் பல மாதம் வெயிலில் விட்டுவைத்தால், பசை இறுகிப் படலத்தை உரிக்க இயலாமற்போகும். வேலை முடிந்தவுடன் அகற்றுதல் நன்று.

அதன்பின் வேண்டுவது எளிய பராமரிப்பே. மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, நன்னீரால் அலசினால் போதும். கரைசல் மிகுந்த அமிலமாகவோ காரமாகவோ இருத்தல் ஆகாது. வெயிலில் சுடும் பரப்பைக் கழுவாமல், அது குளிர்ந்திருக்கும் வேளையில் கழுவுதல் வேண்டும். தின்னர், அசிட்டோன் முதலிய கரைப்பான்களும், கம்பிநாரும், உராயும் தூள்களும் அறவே தவிர்க்கத்தக்கன. தூய காற்றுள்ள ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை கழுவுதல் பெரும்பாலும் போதும். கடற்கரையிலும், புகையும் தூசியும் மிகுந்த தொழில் வட்டாரங்களிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுதல் நன்று.

மழை படும் பகுதி தானே கழுவப்படும். மழை படாத கூரைநிழலில் உள்ள சட்டங்களிலேயே உப்பும் தூசியும் சேரும். ஆகவே, வெளியே தெரியாத அவ்விடங்களுக்கே கூடுதல் கவனம் தேவை. கீறல் விழுந்த இடத்தையும், அறுத்த முனையையும் மூடாமல் விட்டால், கடற்காற்றின் ஈரமும் உப்பும் அங்கே நுழைந்து பூச்சின் அடியில் நூலிழை போன்ற கோடுகளாக அரிமானத்தைப் பரப்பும். காற்றில் உலரும் வண்ணத்தால் அவற்றை உடனே மூடுதல் வேண்டும்.

காணாத இடத்திலும் நேர்மை

தலைமுடியளவு கனமே உடைய இப்பூச்சில் பலரது பொறுப்பு அடங்கியுள்ளது. தொட்டி நீரின் தூய்மையைச் சோதிப்பவர், மூலையையும் விடாது பூசுபவர், சூளையின் வெப்பத்தைக் குறித்துவைப்பவர், கழிவுநீரை ஏரிக்குள் விடாதவர், வீட்டில் ஈரத்துணியால் துடைப்பவர் என ஒவ்வொருவரும் அப்பூச்சின் ஆயுளை வளர்க்கின்றனர். இவர்களுள் எவர் பணியும் புதுப்பொருளின் பளபளப்பில் தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்து மங்காமல் நிற்கும் நிறமே அப்பணிகளுக்குச் சான்று. கண்காணிப்பவர் இல்லாத இடத்திலும் செய்வன திருந்தச் செய்யும் பண்பே எத்தொழிலுக்கும் உறுதியான கவசம் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள அலுமினியக் கதவு, சன்னல்களைப் பார்வையிட்டு, மழை படும் பகுதிக்கும் படாத பகுதிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பெடுத்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஈயம் பூசுதல், பட்டுக்குச் சாயமேற்றுதல், தூள்பூச்சு ஆகிய மூன்றிலும் காணப்படும் ஒற்றுமைகளைப் பட்டியலிடுக.

3. ‘தொழில் வளர்ச்சியும் ஏரிப் பாதுகாப்பும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.